முதல் முயற்சியும் சரியான ஆழமும்

டப்ளினின் தேசிய மகப்பேறு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2024-இல் வெளியானது. கண்ணால் நேரடியாகப் பார்த்துச் சுவாசக்குழாய் செலுத்தியபோது முதல் முயற்சியில் வெற்றி 45 விழுக்காடு. கேமரா பொருத்திய கருவியால் திரையில் பார்த்துச் செலுத்தியபோது 74 விழுக்காடு. பயிற்சி மருத்துவர் காண்பதை அருகில் நிற்கும் மூத்தவரும் காண்கிறார். என் பார்வையில் இதுவே பெரும்பயன்.

ஆயினும், குரல்நாண்களைக் கடந்த குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்பதைக் கேமரா காட்டாது. மூச்சுக்குழலே சில சென்டிமீட்டர்தான். எடையின் கிலோ அளவுடன் ஆறைக் கூட்டி, உதட்டிலிருந்து அத்தனை சென்டிமீட்டர் செலுத்தும் பழைய கணக்கு, 750 கிராமுக்கும் குறைந்த குறைமாதக் குழந்தைகளுக்கு ஆழத்தை மிகைப்படுத்திவிடுகிறது. குழாய் வலப்பக்கக் கிளைக்குள் நழுவினால் இடது நுரையீரல் சுருங்கும். கேமராவுக்கு நிதி ஒதுக்கக் காலம் பிடிக்கலாம். கருவயது வாரியான ஆழ அட்டவணையைச் சுவரில் ஒட்ட ஒரு தாளே போதும். எக்ஸ்ரே வரும்வரை அதுதான் வழிகாட்டி.