இடாப்பும் அலுமாரியும்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு எங்கள் தமிழ்ப் பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சேர், வாற சனிக்கிழமை பின்னேரம் தொடங்கி ஞாயிறு மத்தியானம் வரைக்கும் இடாப்பிலை ஒண்டும் பதியவேண்டாம். டேற்றாபேஸின்ரை வேர்சனை மாத்தப்போறம்" என்றார். "ஏன் தம்பி, இருக்கிறது நல்லாய்த்தானே ஓடுது?" என்றேன். "நல்லாய் ஓடேக்கைதான் சேர் மாத்தவேணும். பழுதான பிறகு மாத்தேலாது" என்று பதில் வந்தது.

பிள்ளைகளின் தமிழ்க் கல்வி பற்றி எழுதிவரும் ஒருவன் கணனிக்குள் ஏன் தலையை நுழைக்கிறான் என வாசகர்கள் வினவக்கூடும். இடாப்பே காரணம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நானும் வேறு இரு ஆசிரியர்களும் நீல மட்டைக் கொப்பிகளில் கையால் எழுதத் தொடங்கிய மாணவர் இடாப்பு, பின்னர் கணனிக்கு மாறியது. எவர் எந்த ஆண்டில் சேர்ந்தார், எந்தப் பரீட்சையில் என்ன புள்ளி பெற்றார் என்பன எல்லாம் அதிலேயே உள. இருபது ஆண்டுகள் கழிந்தபின்னும் சான்றிதழ் கேட்டு வருபவர் உண்டு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையே இடப்பெயர்வில் பறிகொடுத்துவிட்டு வந்த எமக்கு, ஏதோவொரு பதிவேட்டில் எம் பெயர் எழுதப்பட்டிருப்பதன் பெறுமதி தெரியும். இன்று ஊர்ச் சங்கங்களும் கோயில்களும் கூடத் தமது இடாப்புகளைக் கணனியிலேயே வைத்திருக்கின்றன. எனவே அன்றிரவு நடந்தவற்றை அருகில் இருந்து பார்க்க நானும் போனேன்.

மண்டபத்தின் பின்னறையில், அலுவலகங்கள் கழித்துவிட்ட மூன்று கணனிகள் ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன. அவற்றை மேற்பார்வை செய்யும் மென்பொருளின் பெயர் குபெர்நெற்றிஸ். கூகிள் நிறுவனத்தார் 2014இல் உலகுக்குத் திறந்துவைத்தது. சுக்கான் பிடிப்பவர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அது. எங்கள் கரையோரத்தில் தண்டையல் என்போமே, ஏறத்தாழ அவர். ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தேவையான அனைத்துடனும் ஒரு பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருக்கும். அதனைக் கொள்கலன் என்கின்றனர். ஒரு கணனி படுத்துவிட்டால், தண்டையல் அதிலிருந்த பெட்டிக்குப் பதிலாக மற்றொரு கணனியில் அதே போன்ற புதுப்பெட்டியை இறக்குவார். பழையதைப் பற்றிக் கவலைப்படமாட்டார். ஒரு பெட்டி போனால் இன்னொரு பெட்டி என்பதே அவருடைய தத்துவம்.

தரவுத்தளம் என்பது அத்தகைய ஒரு பெட்டிக்குள் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞர் என்க. எங்களிடம் உள்ளவர் போஸ்ற்கிறெஸ். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் வழிவந்தவர், விலை இல்லை. எழுதுவினைஞரை மாற்றலாம், ஆனால் அவர் எழுதிய இடாப்பை மாற்ற முடியாதல்லவா? ஆகையால் இடாப்பு மட்டும் பெட்டிக்கு வெளியே தனியானதோர் அலுமாரியில் வைக்கப்படுகின்றது. சில்லறைப் பதிப்பு மாற்றங்களில் எழுதுவினைஞர் மாறுவார், அலுமாரி அப்படியே இருக்கும். இரண்டு நிமிட வேலை. பெரும் பதிப்பு மாறும்போதுதான் தொல்லை.

எங்களிடம் இருந்தது 2020 செப்ரெம்பரில் வெளிவந்த 13ஆம் பதிப்பு. ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஐந்தாண்டுகளே திருத்தங்கள் வரும். 13க்கு உரிய காலம் 2025 நவம்பருடன் முடிந்துவிட்டது. அதன்பின் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைப்பதற்கு ஆளில்லை. 17ஆம் பதிப்புக்கு 2029 நவம்பர் வரை தவணை உண்டு. அதற்கே மாறுவதென்று முடிவு.

மாற்றம் வெளித்தோற்றத்தில் மிக எளிது. ஒரு கோப்பில் 13 என்றிருப்பதை 17 என்று திருத்தினால், தண்டையல் பழைய எழுதுவினைஞரை அனுப்பிவிட்டுப் புதியவரை அழைத்துவருவார். இதனை ஒரு பரிசோதனை அலுமாரியில் எனக்குச் செய்து காட்டினார்கள். புதியவர் வந்தார், அலுமாரியைத் திறந்தார், உள்ளே 13 என்று ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார், "இது எனக்கு ஒத்துவராது" என்று குறிப்பெழுதிவிட்டு வெளியேறிவிட்டார். பெரும் பதிப்புக்குப் பெரும் பதிப்பு இடாப்பின் உள்ளமைப்பு மாறுவதே காரணம். தண்டையல் விடவில்லை. பத்து விநாடி பொறுத்து மீண்டும் அழைத்தார். அவர் மீண்டும் போனார். பின் இருபது விநாடி, நாற்பது விநாடி என இடைவெளி இரட்டித்து ஐந்து நிமிடத்தில் நின்றது. விட்டால் விடியும்வரை அழைத்துக்கொண்டேயிருப்பார். புதியவரின் இந்தப் பிடிவாதம் ஒரு நன்மையே. புரியாத இடாப்பில் பேனையை வைக்காமல் போனாரே!

ஆகவே இடாப்பைப் புதியவருக்கு ஏற்றவாறு மாற்றவேண்டும். அதற்குப் பிரதானமாக இரண்டு வழிகள். ஒன்று, முழுவதையும் வரிவரியாகப் படியெடுத்துப் புது அலுமாரியில் எழுதுதல். மற்றது, இருக்கும் தாள்களை அப்படியே வைத்துக்கொண்டு அட்டவணைகளையும் தலைப்புகளையும் மட்டும் திருத்தும் பி.ஜி. அப்கிறேட் என்னும் கருவி. இரண்டாவது விரைவானது. அதிலும் தாள்களைப் பிரதிசெய்யாமல் பழையவரும் புதியவரும் ஒரே தாளைச் சுட்டுமாறு செய்யும் முறை மிக விரைவு. ஆனால் புதியவர் ஒருமுறை வேலையைத் தொடங்கிவிட்டால் பழையவரிடம் திரும்பிப் போக வழியில்லை. பெரிய நிறுவனங்கள் இரு எழுதுவினைஞர்களையும் சில காலம் சமகாலத்தில் எழுதவைத்துப் பின் மாறுவதும் உண்டு. அது எம் போன்றோருக்கு அவசியமற்றது.

விரைவு வழியே போதுமென்று ஓர் இளைஞர் வாதிட்டார். வங்கியொன்றில் இத்தொழிலையே செய்துவரும் பிள்ளை ஒருத்தி மறுத்தாள். அவள் சொன்ன காரணம் எனக்கு மிகப் பிடித்தது. ஏனெனில் அது அகரவரிசை பற்றியது.

ஒரு பெயரைத் தேடும்போது எழுதுவினைஞர் இடாப்பு முழுவதையும் புரட்டுவதில்லை. பெயர்களை வரிசைப்படுத்திய சுட்டியைப் பார்க்கிறார். எந்த எழுத்துக்கு முன் எந்த எழுத்து என்ற விதியை அவர் தாமாக வைத்திருப்பதில்லை. பொதுவாகப் பெட்டிக்குள் இருக்கும் லினக்ஸ் இயங்குதளத்திடமே கேட்டறிகிறார். 2018 ஓகஸ்டில் வெளிவந்த ஜிலிப்சி 2.28 என்னும் அடிப்படைத் தொகுதியில் இந்த வரிசை விதிகள் பெருமளவில் மாற்றப்பட்டன. பழைய வரிசையில் அடுக்கிய சுட்டியைப் புதிய வரிசை தெரிந்தவர் பார்த்தால் என்னாகும்? இருக்கவேண்டிய இடத்தில் பெயர் இராது. இடாப்பில் இருந்தும், "இல்லை" என்பார். ஒரே பெயரை இரண்டாம் தடவை பதியவும் விடுவார். பெட்டி எந்த லினக்ஸின் மேல் கட்டப்பட்டது எனக் குறிப்பிடாமல் விட்டால், பதிப்பு எண் மாறாமலேகூட அடித்தளம் மாறிவிடுவதுண்டாம். தாள்களை அப்படியே வைத்திருக்கும் விரைவு வழியில் பழைய சுட்டியும் கூடவே வரும். அதனை நினைவாக மீள அடுக்கவேண்டும். படியெடுக்கும் வழியிலோ சுட்டிகள் யாவும் புதிதாகவே கட்டப்படும். எங்கள் இடாப்பு சிறியது. படியெடுக்கச் சில நிமிடங்களே தேவை. பிள்ளையின் பக்கமே நானும் நின்றேன்.

படியெடுத்தல் பற்றி அவள் இன்னொரு கதையும் சொன்னாள். கிற்லாப் என்பது உலகெங்கும் உள்ள மென்பொருளாளர்கள் தம் ஆக்கங்களைச் சேமித்துவைக்கும் நிறுவனம். 2017 ஜனவரி 31ஆம் நாள் இரவு, அங்கே இரண்டாம் தரவுத்தளம் முதலாவதைப் பின்தொடராமல் நின்றுவிட்டது. சீர்செய்ய முயன்ற பொறியியலாளர் இரண்டாவதில் அழிக்கவேண்டியதைத் தவறுதலாக முதலாவதில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைற்றில் எஞ்சியது 4.5 மட்டுமே. சரி, நாளாந்தப் பிரதி இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் களஞ்சியம் வெறுமை! தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, படியெடுக்கும் கருவியோ 9.2ஆம் பதிப்பு. பழைய கருவி புதிய இடாப்பை வாசிக்க மறுத்து ஒவ்வொரு நாளும் தோல்வியுற்றிருக்கிறது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களோ முறைப்படி ஒப்பமிடப்படாதவை என்று நிராகரிக்கப்பட்டு எவர் கண்ணிலும் படவில்லை. வேறொரு தேவைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன்னர் தற்செயலாக எடுத்துவைத்த பிரதியே அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போயின. ஏறத்தாழ 5000 ஆக்கங்கள் பாதிக்கப்பட்டன. நடந்ததை மறைக்காமல், மீட்பு வேலையை யூரியூப்பில் நேரடியாகவே காட்டினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அங்கே தண்டையல் எவரும் சம்பந்தப்படவில்லை. ஆயினும் பதிப்பு மாற்றும் எவரும் இக்கதையை அறியாமல் வேலையைத் தொடங்கலாகாது என்பது அவள் கருத்து. படியெடுக்கும் கருவி புதிய பதிப்பினதாக இருக்கவேண்டும். எடுத்த படியை எங்காவது உயிர்ப்பித்துப் பார்த்திருக்கவும் வேண்டும்.

எங்களவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே ஒத்திகை பார்த்திருந்தனர். அதில் இரண்டு குறைகள் வெளிப்பட்டன. ஒன்று, வழக்கமான படியில் இடாப்பு வருமேயன்றி அதைத் திறப்போரின் பெயர்களும் கடவுச்சொற்களும் வரமாட்டா. சாவிக்கொத்தைத் தனியே எடுக்கவேண்டும். மற்றது, தண்டையல் தாமாகவே கட்டித்தந்த அலுமாரிகளுக்கு வழமையான விதி, உரிமைச்சீட்டை எவராவது நீக்கினால் அலுமாரியையும் இடித்துவிடு என்பது. கைதவறி ஒரு கட்டளை போனால் பழைய இடாப்பு அத்துடன் சரி. முதல் வேலையாக அதனை "வைத்திரு" என்று மாற்றினார்கள்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வாசலை அடைத்தார்கள். அதாவது, இடாப்பில் எழுதும் மென்பொருளின் பெட்டிகளைப் பூச்சியமாக்கினார்கள். படி எடுக்கத் தொடங்கிய கணத்தில் இருந்ததே படியில் வரும். அதற்குப்பின் எவராவது ஒரு வரி எழுதினால் அது பழைய வீட்டிலேயே தங்கிவிடும். புது அலுமாரி, புது எழுதுவினைஞர், படி, சாவிக்கொத்து. எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. வரிகளின் எண்ணிக்கை இரு பக்கமும் ஒத்திருந்தது. தேநீர் ஊற்றினார்கள்.

நான்தான் குறுக்கே நின்றேன். எண்ணிக்கை ஒத்தால் போதுமா? பழைய நீல மட்டைக் கொப்பிகளைக் கொண்டுபோயிருந்தேன். அங்குமிங்குமாக நாற்பது பெயர்களை வாசிக்கிறேன், தேடுங்கள் என்றேன். முப்பத்தேழு கிடைத்தன. மூன்று பெயர்கள் "இல்லை".

அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. அகரவரிசைச் சிக்கல்தான் என்றார் ஒருவர். சுட்டிகள் புதிதாகக் கட்டப்பட்டவை, அது காரணமாக முடியாது என்றாள் பிள்ளை. அவள் பழைய எழுதுவினைஞரை எழுப்பி அதே மூன்று பெயர்களையும் கேட்டாள். அங்கும் "இல்லை". ஆக, பதிப்பு மாற்றத்தின் பிழையன்று. நெடுநாளாகவே அவை தேடலுக்கு அகப்படாமல் இருந்திருக்கின்றன. மூன்றும் ஓகார மெய்யோடு தொடங்கும் பெயர்கள். மூன்றும் 2001ஆம் ஆண்டு வகுப்பு. அவ்வகுப்பின் பட்டியல் முதலில் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டுப் பின்னர் யுனிகோட்டுக்கு மாற்றப்பட்டது. பாமினியில் "யோ" என்பதற்கு இரட்டைக் கொம்பு, யகரம், கால் என மூன்று தட்டல். மாற்றிய கருவி கொம்பையும் காலையும் இரு துண்டுகளாகவே விட்டுவிட்டது. இன்றைய விசைப்பலகையோ இரண்டையும் ஒரே குறியாகத் தருகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எழுதுவினைஞருக்கு மட்டும் அவை வெவ்வேறு பெயர்கள். இவற்றை ஒருசீராக்கும் வசதி 13ஆம் பதிப்பிலேயே இருந்ததாம்! அரை மணி நேரத்தில் சீராக்கினார்கள். அறுபதுக்கு மேற்பட்ட பெயர்கள் திருந்தின. பழைய அலுமாரியை மூன்று மாதங்களுக்குத் தொடுவதில்லை என்றும் தீர்மானித்தார்கள்.

அந்த மூன்றில் ஒரு பெயரைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு கனத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பெயருடைய இளைஞர் தொழிற்கல்வி விண்ணப்பமொன்றுக்காகத் தமிழ்ப் பரீட்சைச் சான்றிதழ் கேட்டு வந்திருந்தார். நான் கணனியில் தேடினேன், இல்லை என்றேன். "இங்கைதான் சேர் படிச்சனான், நீங்கள்தான் படிப்பிச்சனீங்கள்" என்றார். முகம் நினைவுக்கு வரவில்லை. வேறு பாடசாலையாக இருக்கலாம், விசாரித்துப் பாரும் என்று அனுப்பிவிட்டேன். கொப்பியைப் புரட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இடாப்பில் அவருடைய புள்ளி 82. பக்கத்தில் என் கையெழுத்து. அதிலுள்ள தொலைபேசி இலக்கம் இப்பொழுது பாவனையில் இல்லை.

அவர் இதனை வாசித்தால், அல்லது அவரை அறிந்தவர் எவரேனும் வாசித்தால், எந்தச் சனிக்கிழமையாயினும் காலை பத்து மணிக்குப் பாடசாலைக்கு வரவும். சான்றிதழ் எழுதி ஒப்பமிடப்பட்டு என் மேசையில் இருக்கிறது. 2001ஆம் ஆண்டு வகுப்பில் படித்து, பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட வேறு எவரும் அவ்வாறே வரலாம்.