குழந்தையை வளர்ப்பது செல்போனா?

செல்லூரில் தறி ஓடும் வீடானாலும் சரி, சோழவந்தானில் நாற்று நடும் வீடானாலும் சரி, இன்று தாயின் கையில் செல்போன் இருக்கிறது. அதில் குழந்தை வளர்ப்புக்கென்றே செயலிகள் வந்துவிட்டன. குழந்தை எப்போது தவழும், எப்போது பேசும், என்ன ஊட்டலாம் என்று அவை மாதாமாதம் சொல்கின்றன.

முன்பு இதைச் சொல்லப் பாட்டி இருந்தாள். இன்று பிழைப்புக்காகக் குடும்பங்கள் பிரிந்து வாழ்கின்றன. பாட்டி மேலூரில், பேரன் மதுரையில். ஆகவே, தாய் செல்போனைக் கேட்கிறாள். அது தவறு அல்ல. ஆனால், யோசனை சொல்வது யார் என்று பார்க்க வேண்டாமா?

இப்படிப்பட்ட செயலியை யாரும் தயாரித்து வெளியிடலாம். நட்சத்திரக் குறிகள் நிறைய இருப்பதால் மட்டும் அது நல்லதாகிவிடாது.

முதலாவதாக, யோசனை சொல்லும் டாக்டர்கள் யார் என்பது அதில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, சொல்வது புரியும் தமிழில் இருக்க வேண்டும். மூன்றாவதாக, அது வியாபாரத் தந்திரமாக இருக்கக் கூடாது. 1992-ம் ஆண்டுச் சட்டப்படி, 2 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்யக் கூடாது. அதைப் புகழும் செயலியை அழித்துவிடுவதே நல்லது.

நான்காவதுதான் மிக முக்கியம். 18 மாதமாகியும் குழந்தை பிடிக்காமல் நடக்கவில்லை. அல்லது, 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. நல்ல செயலி என்ன சொல்லும்? "உடனே டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லும். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017-ல் வெளியிட்ட செயலி அப்படிப்பட்டது. மோசமான செயலியோ, "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லும். பேச்சு வராததற்குக் காது கேளாமை காரணமாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பேசவைக்க வழி உண்டு. அந்த ஒரு வார்த்தையை நம்பினால் பொன்னான மாதங்கள் வீணாகிவிடும்.

சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. குழந்தையின் எடையையும் உயரத்தையும் ஊழியர் 2021-ல் வந்த 'போஷன் டிராக்கர்' செயலியில் பதிகிறார். அந்தக் கணக்கைத் தாய் கேட்டுப் பார்க்கலாம். 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டப்படி, ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைச் சோதிக்க வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. அந்த நாளைத் தெரிந்துகொண்டு குழந்தையைத் தூக்கிச் செல்ல வேண்டும்.

இன்னொன்று. செயலி பெற்றோருக்குத்தான், குழந்தைக்கு அல்ல. 1 வயது நிறையாத குழந்தைக்குத் திரையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியது. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

செல்போன் யோசனை சொல்லட்டும். தாலாட்டுப் பாடவும், கதை சொல்லவும், முகம் பார்த்துச் சிரிக்கவும் தாயும் தகப்பனும்தான் வேண்டும்.