நம் கை படாமல் சரக்கு ஏறாது!



2024 ஏப்ரலில் சென்னையிலிருந்து மரியானே டானிகா என்ற சரக்குக் கப்பல் கிளம்பியது. உள்ளே ஏறத்தாழ 27 டன் வெடிபொருள். போய்ச் சேர வேண்டிய இடம் இஸ்ரேலின் ஹைஃபா. வழியில் ஸ்பெயினின் கார்ட்டஹேனா துறைமுகத்தில் நிற்க அனுமதி கேட்டது. ஸ்பெயின் அரசு மறுத்துவிட்டது. மேற்காசியாவுக்கு இன்னும் ஆயுதம் வேண்டாம், அமைதிதான் வேண்டும் என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் ஊரறியச் சொன்னார். ஸ்பெயின் தன் கரையில் ஒதுங்கவே விடாத கப்பல், நம் கரையில் சரக்கேற்றிக்கொண்டு போயிருக்கிறது.

துறைமுகத் தொழிலாளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவர்களைச் சொல்ல வைக்க வேண்டும். அதற்காகவே இந்த அறைகூவல்.

ஒன்றிய அரசைக் கேட்டால், "இரு நாடு தீர்வே எங்கள் நிலை, அமைதியே எங்கள் விருப்பம்" என்று மாறாமல் பதில் வரும். நடப்பதைப் பாருங்கள். 2023 அக்டோபர் 27 அன்று காஸாவில் சண்டையை நிறுத்தக் கோரி ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அந்த டிசம்பரில் போர்நிறுத்தத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியது உண்மைதான். ஆனால் 2025 ஜூன் 12 அன்று 149 நாடுகள் மீண்டும் போர்நிறுத்தம் கேட்டபோது, பழையபடி ஒதுங்கிய 19 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி அதற்குள் சாவு ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரை மறக்காதீர்கள். 8ஆம் தேதி, இஸ்ரேல் நிதியமைச்சர் பெசலேல் ஸ்மோட்ரிச்சைப் புதுதில்லியில் வரவேற்று, முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் நம் நிதியமைச்சர் கையெழுத்திட்டார். ஸ்மோட்ரிச் யார்? ஆக்கிரமிக்கப்பட்ட மேற்குக் கரையில் ஒரு குடியேற்றத்தில் குடியிருப்பவர். மேற்குக் கரையை இஸ்ரேலோடு இணைத்துவிட வேண்டும் என்று கூசாமல் பேசுபவர். பாலஸ்தீனர்கள் மீதான வன்முறையைத் தூண்டினார் என்று பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நார்வே ஆகிய ஐந்து நாடுகள் மூன்று மாதங்களுக்கு முன்புதான் அவர்மீது தடை விதித்திருந்தன. அவரோடு கைகுலுக்கிய நான்காம் நாள், 12ஆம் தேதி, இரு நாடு தீர்வை வலியுறுத்தும் நியூயார்க் பிரகடனத்தை ஆதரித்து ஐ.நா.வில் இந்தியா வாக்களித்தது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்!

தோழர்களே, "இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது, நமக்கு ஏன் வம்பு" என்பவர்களுக்குச் சட்டத்தைச் சொல்லுங்கள். 2024 ஜூலை 19 அன்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது: 1967 முதல் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா ஆகிய பகுதிகளில் தொடரும் இஸ்ரேலின் இருப்பு சட்டவிரோதம், முடிந்த விரைவில் அது முடிவுக்கு வர வேண்டும், புதிய குடியேற்றங்கள் நிற்க வேண்டும், குடியேறியவர்கள் வெளியேற வேண்டும். இருப்பே சட்டவிரோதம் என்ற முடிவில் 11 நீதிபதிகள் ஒருபக்கம், 4 பேர் மறுபக்கம். அந்தப் பதினொருவரில் இந்திய நீதிபதி தல்வீர் பண்டாரியும் ஒருவர்.

நம்மைத் தொடும் பகுதி இனிமேல்தான். அந்த ஆக்கிரமிப்பை எந்த நாடும் அங்கீகரிக்கக் கூடாது, அது நீடிக்க உதவியோ ஒத்தாசையோ செய்யக் கூடாது என்று நீதிமன்றம் உலக நாடுகள் அனைத்துக்கும் கடமை வகுத்தது. இரண்டே மாதத்தில், 2024 செப்டம்பர் 18 அன்று, பொதுச்சபை இதைத் தீர்மானமாக்கியது: பன்னிரண்டு மாதத்துக்குள் ஆக்கிரமிப்பை முடித்துக்கொள், அங்கே பயன்படுத்தப்படும் என்று சந்தேகிக்க இடமிருந்தால் ஆயுதம் அனுப்பாதே. ஆதரவு 124, எதிர்ப்பு 14, ஒதுங்கியவை 43. அந்த 43இல் இந்தியா! கெடு முடியப் பத்து நாள் இருக்கும்போது ஸ்மோட்ரிச்சுக்குச் செங்கம்பளம்!

"அது வெறும் ஆலோசனைக் கருத்துதானே" என்பார்கள். ஆக்கிரமித்த மண்ணில் தன் குடிமக்களைக் குடியேற்றக் கூடாது என்பது நான்காம் ஜெனீவா உடன்படிக்கை; இந்தியா 1950லேயே அதை ஏற்று, 1960இல் சட்டமும் இயற்றியிருக்கிறது. நீதிமன்றம் நினைவூட்டியது நாம் கொடுத்த வாக்கைத்தான்.

இந்த நாடு எப்போதும் இப்படி இருந்ததில்லை. விடுதலை கிடைக்கும் முன்பே, 1946இல், தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டங்களைக் கண்டித்து அந்நாட்டோடு வணிகத்தை முறித்துக்கொண்டது இந்தியா. 1947இல் பாலஸ்தீனப் பிரிவினைக்கு எதிராக வாக்களித்தது. 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தையும், 1988இல் பாலஸ்தீன நாட்டையும் அங்கீகரித்தது. பிழைக்கவே திணறிய நாட்டுக்கு அன்று இருந்த முதுகெலும்பு, வல்லரசுக் கனவு காணும் இன்றைய ஆட்சிக்கு எங்கே போனது? ஹைஃபா துறைமுகத்தில் 70 விழுக்காட்டுப் பங்கு அதானி குழுமத்திடம். ஹைதராபாத்தில் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்தோடு சேர்ந்து ஹெர்ம்ஸ் ட்ரோன்களுக்கான தொழிற்சாலையை நடத்துவதும் அதே குழுமம். லாபம் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். வெளியுறவுக் கொள்கை புரியும்.

"போர்நிறுத்தம்தான் வந்துவிட்டதே" என்று இப்போது சொல்கிறார்கள். 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது, அதை வரவேற்கிறோம். ஆனால் இஸ்ரேல் படை காஸாவை விட்டு வெளியேறிவிடவில்லை. மேற்குக் கரையில் குடியேற்றங்கள் நிற்கவில்லை. 1993இல் ஓஸ்லோ ஒப்பந்தத்தில் ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடு என்றார்கள். அதற்குப் பிறகு குடியேற்றங்கள்தான் பெருகின. ஆக்கிரமிப்பை அப்படியே விட்டுவிட்டுச் செய்யும் சமாதானம், அடுத்த போருக்கு முன்பணம்.

"ஹமாஸ் செய்ததை மறைக்கிறீர்களா?" என்றும் கேட்பார்கள். மறைக்கவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலியப் பொதுமக்களைக் கொன்றதும் பணயமாகப் பிடித்துச் சென்றதும் குற்றங்கள். ஒரு குற்றத்துக்குப் பதிலாக ஒரு மக்களினத்தையே பட்டினி போடச் சட்டம் இடம் தரவில்லை. நம் போராட்டம் யூதர்களுக்கு எதிரானதும் அல்ல. போரை நிறுத்தக் கோரி டெல் அவிவ் தெருக்களில் இறங்கிய இஸ்ரேலியர்களும் நம் தோழர்களே.

நீதிமன்றக் கதவையும் தட்டிப் பார்த்தாயிற்று. இஸ்ரேலுக்கான ஆயுத ஏற்றுமதி உரிமங்களை நிறுத்தக் கோரிய மனுவை, வெளியுறவுக் கொள்கை அரசின் வேலை என்று சொல்லி 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இனி மிச்சம் இருப்பவை நாடாளுமன்றமும் தெருவும் துறைமுகமும்.

துறைமுகத்துக்கு வலு உண்டா என்ற சந்தேகமே வேண்டாம். 1945இல் டச்சு ஆட்சி இந்தோனேசியாவை மீண்டும் பிடிக்கக் கிளம்பியபோது, ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் டச்சுக் கப்பல்களை முடக்கிய தொழிலாளர்களோடு இந்திய மாலுமிகளும் நின்றார்கள். 2008இல் ஜிம்பாப்வேக்கு ஆயுதம் கொண்டுவந்த சீனக் கப்பலை டர்பன் தொழிலாளர்கள் தொட மறுத்தார்கள். 2024இல் கிரேக்கத்தின் பிரேயஸிலும், 2025இல் பிரான்சின் ஃபோஸ் துறைமுகத்திலும் இஸ்ரேலுக்கான ஆயுதப் பெட்டிகளைத் தொழிலாளர்கள் ஏற்ற மறுத்தார்கள். நம்மவர்களும் சளைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், 11 பெரும் துறைமுகங்களில் இஸ்ரேலுக்கான ஆயுதச் சரக்கைக் கையாள மாட்டோம் என்று அறிவித்தது. அந்த அறிவிப்புக்குப் பிறகும் கப்பல் போயிருக்கிறது. அறிவிப்பைச் செயலாக்கும் பலத்தை நாம்தான் சேர்க்க வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளி பயப்படுவது நியாயம். தனியாக மறுப்பவரை மறுநாளே வாசலில் நிறுத்திவிடுவார்கள். ஆகவே மறுப்பு தனிமனிதத் துணிச்சலாக இருக்கக் கூடாது. சங்கத்தின் முடிவாக இருக்க வேண்டும். நாம் மறுப்பது ஆயுதச் சரக்கை மட்டும், வேலையை அல்ல.

உடனே செய்ய வேண்டியவை:

1. சென்னை, எண்ணூர், தூத்துக்குடித் துறைமுகங்களில் வாயிற்கூட்டம் நடத்துங்கள். துண்டறிக்கையில் கப்பலின் பெயரையும் சரக்கையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

2. கொடி நிறம் பார்க்காமல் எல்லாச் சங்கங்களையும் ஒரே தீர்மானத்துக்குக் கொண்டுவாருங்கள்: ஆயுதச் சரக்கு எதுவென்று சொல்லாமல் எங்களை ஏற்றச் சொல்லாதே; ஏற்ற மறுப்பவர்மீது கை வைக்காதே.

3. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் போய்க் கேளுங்கள்: 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேலுக்கு ஆயுதமும் வெடிபொருளும் அனுப்ப யார் யாருக்கு உரிமம் தரப்பட்டது? அவையில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள்.

4. இஸ்ரேல் பாலஸ்தீனத் தொழிலாளர்களை விரட்டிய இடத்தில் நம் கட்டடத் தொழிலாளர்களை நிரப்பும் ஆள்சேர்ப்பைத் தடுங்கள். வறுமையைக் காட்டி நம் பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பாதே என்று சொல்லுங்கள்.

5. மாணவத் தோழர்களே, சட்டத் தோழர்களே, ஹேக் நீதிமன்றத்தின் கருத்தை எளிய தமிழில் சொல்லித் தெருமுனைக்குக் கொண்டுவாருங்கள்.

பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியை எதிர்த்துச் சுதேசிக் கப்பல் ஓட்டிய வ.உ.சி.யின் பெயரைத் தூத்துக்குடித் துறைமுகம் தாங்கி நிற்கிறது. 1908இல் அதே ஊரில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் வென்றார்கள். அந்த மண்ணிலிருந்து இன்னொரு மக்களை அடிமைப்படுத்தும் சரக்கு ஏறக் கூடாது.

அரசு ஐ.நா.வில் ஒதுங்கலாம். நாம் ஒதுங்க மாட்டோம். இந்த வாரமே வாயிற்கூட்டம். இந்த மாதமே கூட்டுத் தீர்மானம். அடுத்த ஆயுதப் பெட்டி வரும் நாளில் கிரேன் நிற்க வேண்டும்!

ஆக்கிரமிப்புக்குத் துணை போகாதே!
ஆயுத உரிமங்களை ரத்து செய்!
பாலஸ்தீன விடுதலை வெல்க!