நாவடிச் சொட்டு யாருக்குப் பொருந்தும்?

விடிந்ததும் விடாத தும்மல், நாளெல்லாம் மூக்கடைப்பு, இரவில் வாயைத் திறந்தபடி தூங்கும் பிள்ளை. இப்படி ஆண்டுக்கணக்கில் அலர்ஜியோடு மல்லுக்கட்டும் குடும்பங்களிடம் இப்போது ஒரு சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. ஒவ்வாமை தரும் பொருளின் சாற்றையே தினமும் நாக்கின் அடியில் சொட்டாக விட்டு, உடலை அதற்குப் பழக்கும் முறை இது. ஊசி இல்லை; வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். பெற்றோர் இதை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால், சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீளும். கைக்காசும் அதுவரை கரையும். ஆகவே, தொடங்கும் முன்பே அது தனக்குப் பொருந்துமா என்று தீர விசாரிக்கும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு.

ஊசியிலிருந்து சொட்டுக்கு

1911-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லெனார்ட் நூன், புல் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசிமூலம் செலுத்தி ஒவ்வாமையைக் குறைக்கலாம் என்று எழுதினார். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஊசிதான் வழி. 1957-லிருந்து இந்த ஊசிகளால் 26 பேர் இறந்ததை 1986-ல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு சுட்டிக்காட்டியதும், அங்கே கடும் கட்டுப்பாடுகள் வந்தன. ஆபத்து குறைந்த மாற்று வழியைத் தேடும் வேகம் கூடியது. 1998-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் அறிக்கை, நாவடிச் சிகிச்சையை ஊசிக்கு மாற்றாக ஏற்றது.

இன்று இதன் பலனைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மூக்கு, கண் ஒவ்வாமையில் இது அறிகுறிகளைக் குறைக்கிறது. மற்ற மருந்துகளின் தேவையையும் குறைக்கிறது. பலன் மெய்யானது என்றாலும், அது மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

எதிரி யார் என்று தெரிந்ததா?

தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ ரத்தத்தில் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்பொருளின் அளவைப் பார்க்கும் சோதனையோ ‘பாசிட்டிவ்’ என்றால், உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டிருக்கிறது என்றுதான் பொருள். நோய்க்கு அதுவே காரணம் என்று முடிவுகட்ட அது போதாது. சோதனையும் நோயாளியின் கதையும் பொருந்த வேண்டும். மெத்தை, தலையணைகளில் வாழும் தூசு உண்ணிதான் காரணம் என்றால், தொல்லை ஆண்டு முழுதும் இருக்கும். படுக்கையிலும் விடியற்காலையிலும் கூடும். குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வந்தால் மகரந்தத்தைச் சந்தேகிக்கலாம். ஊதுவத்திப் புகை, கொசுவத்தி, வாகனப் புகை, குளிர்காற்று ஆகியவற்றுக்கு மட்டும் மூக்கு எரிந்து ஒழுகினால், அது ஒவ்வாமையாகவே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால், எந்தச் சொட்டும் உதவாது.

காரணமான பொருள் ஒன்று, இரண்டு என்று திட்டவட்டமாகத் தெரிபவரே இதற்கு ஏற்றவர். பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே ஒவ்வாமைப் பொருளை வைத்தே நடந்தவை. நீண்ட பட்டியலில் பாசிட்டிவ் வந்த எட்டு, பத்துப் பொருட்களை ஒரே புட்டியில் கலந்து கொடுக்கும்போது ஒவ்வொன்றின் அளவும் குறைந்துவிடுகிறது. அந்த ஆய்வுகளின் பலத்தை இந்தக் கலவைக்குக் கடன்வாங்க முடியாது.

புட்டியில் என்ன இருக்கிறது?

நான் மிகவும் கவலைப்படுவது இங்கேதான். அமெரிக்காவில் 2014-ல் புல், ராக்வீட் மகரந்தங்களுக்கும் 2017-ல் தூசு உண்ணிக்கும் நாவடி மாத்திரைகள் அனுமதி பெற்றன. அங்கே நாவடிச் சொட்டு எதற்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி இல்லை. ஊசிக்கென அனுமதித்த சாற்றையே மருத்துவர்கள் தம் பொறுப்பில் சொட்டாகத் தருகிறார்கள். அதற்காகச் சொட்டு என்ற வடிவத்தையே குறைசொல்ல முடியாது. ஜப்பானில் சுகி மர மகரந்தத்தால் கோடிக்கணக்கானோர் வசந்தகாலம்தோறும் அவதிப்படுகிறார்கள். அதற்கெனத் திட்ட அளவில் தயாரித்த நாவடிச் சொட்டை அந்நாடு 2014-ல் மருத்துவக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. பின்னர் மாத்திரையும் வந்தது. எதிரி ஒன்று, வீரியம் நிலையானது, விலைக்குக் காப்பீடு உண்டு என்பதால் அங்கே முடிவெடுப்பது எளிது.

இந்தியாவில் புழங்கும் பல சாறுகள் எடை அளவிலோ புரத அளவிலோதான் குறிக்கப்படுகின்றன. உடலில் அவை எவ்வளவு வீரியமாக வேலைசெய்யும் என்பதை இந்தக் குறிப்பு சொல்வதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மேலை நாடுகளின் தூசு உண்ணி மாத்திரைகளில் இருப்பவை டெர்மடோஃபகாய்டிஸ் இனங்கள் இரண்டு. ஈரக் காற்றுள்ள வெப்பமண்டல ஊர்களில் புளோமியா டிராபிகாலிஸ் என்ற வேறோர் உண்ணியும் பெருகுகிறது. டெர்மடோஃபகாய்டிஸுக்கும் புளோமியாவுக்கும் பொதுவான ஒவ்வாமைக் கூறுகள் குறைவு. ஐரோப்பிய ஆய்வின் முடிவைச் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ அப்படியே பொருத்த முடியாது.

மூன்றாண்டு முடியுமா?

பிரிட்டனில் புல் மகரந்த ஒவ்வாமை உள்ள 106 பேரிடம் நடந்து, 2017-ல் வெளியான ஆய்வில், இரண்டாண்டு சிகிச்சை பெற்றவர்களுக்கு அதை நிறுத்திய ஓராண்டில் பலன் மிஞ்சவில்லை. மூன்றாண்டு தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களுக்கோ, நிறுத்திய பின்னும் இரண்டாண்டு பலன் நீடித்ததை இன்னோர் ஆய்வு காட்டியது. ஆக, மூன்றாண்டு என்பது அழகுக்குச் சொல்லும் கணக்கல்ல. தினமும் தவறாமல் போடும் ஒழுங்கும், மூன்றாண்டுச் செலவைத் தாங்கும் வசதியும் இல்லையென்றால், பாதியில் விட்டுப் பணத்தை இழப்பதைவிடத் தொடங்காமலிருப்பதே நல்லது. தொடங்கியவர்கள், ஓராண்டு கழித்தும் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவரோடு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

யாருக்கு வேண்டாம்?

ஊசியைவிடப் பாதுகாப்பானது என்பதால் முற்றிலும் ஆபத்தற்றது ஆகிவிடாது. வாய் அரிப்பு, தொண்டை உறுத்தல், லேசான வீக்கம் ஆகியவை தொடக்கத்தில் சகஜம். பெரும்பாலும் தானே அடங்கும். அரிதாக, உயிருக்கு ஆபத்தான அனாஃபைலாக்சிஸும் வரலாம். எனவே, முதல் தவணையை மருத்துவரின் முன்னிலையில் போட்டு, அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அட்ரினலின் பேனா எளிதில் கிடைக்காத நம் சூழலில் இந்த எச்சரிக்கை கூடுதலாகவே தேவை.

கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், உணவுக்குழாயில் ஈசினோஃபில் அழற்சி உள்ளவர்களுக்கும் இது கூடாது. கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொடங்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்; ஆபத்தில் கொடுக்கும் அட்ரினலின் அவர்களிடம் சரியாக வேலைசெய்யாமல் போகலாம். பல் பிடுங்கியிருந்தாலோ வாயில் புண் இருந்தாலோ, ஆறும்வரை நிறுத்திவைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைச் சரியான முறையில், போதிய காலம் பயன்படுத்திப் பார்த்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லுக்கு அஞ்சி அதைப் பாதியில் விட்டவர்கள் பலர். பலருக்கு அந்த ஸ்ப்ரேயும், படுக்கை விரிப்புகளை வாராவாரம் வெந்நீரில் துவைக்கும் பழக்கமுமே போதுமானவை.

இவற்றை எல்லாம் செய்தும் தொல்லை தீராத, காரணம் ஐயமின்றித் தெரிந்த, ஆஸ்துமா கட்டுக்குள் உள்ள நோயாளிக்கு நாவடிச் சிகிச்சை நல்ல தேர்வு. அவர் தயங்க வேண்டியதில்லை. மற்றவர்களிடம் அதை விற்பது நியாயமல்ல. புட்டியில் இருக்கும் பொருளையும் அதன் வீரியத்தையும் ஒரே அளவுகோலில் அச்சிடுவதை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டாயமாக்க வேண்டும். நம் ஊர்த் தூசிலும் மகரந்தத்திலும் இருப்பவற்றை வைத்து நம் நோயாளிகளிடம் ஆய்வுகள் நடக்க வேண்டும். அதுவரை, எந்தப் பொருளுக்கு, எவ்வளவு வீரியம், எவ்வளவு காலம் என்ற மூன்று கேள்விகளுக்கும் மருத்துவரிடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முதல் சொட்டைப் போடுங்கள்.