சீனி கூட்டினால் சரியாகாது

மெல்பர்னில் இருக்கும் என் பல்கலைக்கழக நண்பன் போன மாதம் கூப்பிட்டான். "மச்சான், பீப்பாயில கேஸே இல்லடா. கசப்புத் தண்ணி மாதிரி இருக்கு." வீட்டில் சொந்தமாகக் குடிக்கப் பீர் காய்ச்சுவது அங்கே சட்டப்படி சரி. இங்கே 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி உரிமம் வேண்டும். சூலியா தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு காணொளியில் அவன் பீப்பாயைப் பார்த்தேன்.

23 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய். முதலில் 100 கிராம் சீனி போட்டிருக்கிறான். கேஸ் வரவில்லை என்று மறுபடியும் 100. இவனும் என்னோடு பொறியியல் படித்தவன்தான்! ஒரு கிராம் சீனியை ஈஸ்ட் தின்றால் ஏறக்குறைய அரை கிராம் கரியமில வாயு வரும். அப்படியென்றால் முதல் 100 கிராமே லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கொடுத்திருக்கும். பீப்பாய்ப் பீருக்கு அது போதும். வாயு வராமல் இல்லை, வந்தது தங்கவில்லை.

"மூடியைச் சுத்தி சவுக்காரத் தண்ணி தடவுடா" என்றேன். குமிழ் வந்தது. பலம்கொண்ட மட்டும் முறுக்கியதில் உள்ளே ரப்பர் வளையம் மடிந்து கிடந்தது. உடனே இறுக்கி மூடப் போனவனைத் தடுத்தேன். இரண்டாவது 100 கிராம் இன்னும் கரைந்து முடியாமல் இருந்தால் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். மூடியைச் சில நாள் தளர்த்தி வை, நொதிப்பு அடங்கட்டும். பிறகு புது வளையம், அதில் உணவுக்கு ஏற்ற சிலிக்கான் பசை லேசாக, கையால் மட்டும் இறுக்கு. அழுத்தத்தை வெளிவிடும் வால்வு ஒட்டிப்போயிருக்கிறதா பார். அப்புறம் 80 கிராம் சீனி. வாயு ஏறியதும் குளிர்ந்த இடத்தில் வை, சூட்டில் வாயு பீரில் கரைந்து நிற்காது.

எல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "என்ன இருந்தாலும் இது சயன்ஸ்டா. நம்ம ஊரு கள்ளு மாதிரி அசிங்கம் இல்ல."

இந்தப் பேச்சுக்குத்தான் இந்தக் கட்டுரை.

பாளையிலிருந்து சொட்டும்போதே தென்னங்கள் நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. அதில் பெரும் வேலை செய்வது சக்கரோமைசிஸ் செரிவிசியே. அவன் பாக்கெட்டில் வாங்கிப் போட்ட ஈஸ்ட்டும் அதே இனம்தான். கள்ளை அடைத்து மூட முடியாது, மூடினால் போத்தல் வெடிக்கும். விட்டுவைத்தால் மறுநாளே புளிக்கும். ஆகவே அது தொழிற்சாலைக்குத் தோதாக வரவில்லை. இதற்குப் பெயர் அசிங்கமா? இந்தத் தெருவில் 30 வெள்ளி கொடுத்துப் புளிப்புப் பீர் குடித்து, 'காட்டு ஈஸ்ட்' என்று சிலாகிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். மரமேறி இறக்கினால் அழுக்கு, வெளிநாட்டுப் பெயர் ஒட்டினால் கலையா?

உடனே பாட்டியை இழுப்பீர்கள், தெரியும். என் பாட்டி கெடா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கள்ளு என்ற சொல்லையே வீட்டில் சொல்லக்கூடாது. தாத்தாவின் சம்பளம் வாங்கிய அன்றே கள்ளுக்கடையில் தீர்ந்துவிடும். அந்தக் கடையோ தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கூலி கொடுத்தவனுக்கே கூலி திரும்பிப் போகும் ஏற்பாடு அது. 1941இல் கிள்ளானில் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடவும் கேட்டது அதனால்தான். 1947இல் பீடோங்கில் தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்து நின்றதும் அதனால்தான். அவர்கள் ஓட்டை எங்கே என்று சரியாகப் பார்த்தார்கள். பாட்டியின் கோபம் நியாயம். நண்பனின் அருவருப்பு நியாயமில்லை. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

இன்றைய மேடைகளில் நடப்பது வேறு. "நம்ம ஆளுங்க குடிச்சே கெட்டான்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். 2018 செப்டம்பரில் மலிவு மதுவில் கலந்த மெத்தனாலால் இந்த நாட்டில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். பீரோ கள்ளோ நொதிக்கும்போது ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் வராது. அது யாரோ கலந்து விற்ற விஷம். மலிவாகக் கிடைத்ததைக் குடித்தவன் செத்தான். அவனுக்கும் நாம் உபதேசம்தான் கொடுத்தோம். ஓட்டைப் பீப்பாயில் இன்னொரு 100 கிராம் சீனி.

கள்ளைக் கொண்டாடச் சொல்லவில்லை. நான் அதிகம் குடிப்பவனும் இல்லை. சிறிய அளவில் சுத்தமாக இறக்கி விற்பவனுக்கு எளிதாக உரிமம் கொடுங்கள், சோதனை செய்யுங்கள், விலையை ஏழைக்கு எட்டும்படி வையுங்கள். குடித்து அழிகிறவனுக்குச் சிகிச்சை கொடுங்கள். இதையெல்லாம் கேட்க வாய் வராதவர்கள், கையில் பீரை வைத்துக்கொண்டு கள்ளுக்குடியனைப் பார்த்து மூக்கைப் பொத்தாமலாவது இருங்கள்.

நண்பன் நேற்று படம் அனுப்பினான். நுரை நன்றாக நிற்கிறது. வளையத்தின் விலை சில காசுகள்தானாம்.