பணம் எங்கிருந்து வரும்?

ஆவடி என்றால் வெளியூரார்க்கு டாங்கித் தொழிற்சாலை நினைவுக்கு வரும். பொருளியல் படிக்கும் எங்களுக்கோ 1955ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு ஜனவரியில் இங்கேதான் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. தேபர் தலைமை வகித்தார். நேரு வந்திருந்தார். காமராஜர் அப்போது நம் முதலமைச்சர். சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேறியது. இதை எல்லோரும் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. தோழியரே, சுவையான கதை அதுதான்.

மறு ஆண்டே இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிற்று. அரசின் செலவு 4,800 கோடி ரூபாய். வரவுப் பக்கத்தைப் பாருங்கள். வரி முதலிய வருவாயில் மிச்சம் 800 கோடி. மக்களிடம் கடனாகவும் சிறுசேமிப்பாகவும் 1,200 கோடி. ரயில்வே, சேமநிதி போன்றவற்றிலிருந்து 400 கோடி. வெளிநாட்டு உதவி 800 கோடி. பற்றாக்குறை நிதி, அதாவது புதிதாகப் புழக்கத்தில் விடும் பணம், 1,200 கோடி. கூட்டினால் 4,400 கோடிதான் வருகிறது! மீதி 400 கோடியை 'இடைவெளி' என்று எழுதி, உள்நாட்டில் எப்படியாவது திரட்ட வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

என் அம்மாவின் கணக்கு நோட்டிலும் இப்படி ஒரு வரி உண்டு. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணத்துக்கு எதிரே 'பார்க்கலாம்' என்று எழுதியிருப்பார். முன்பெல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பேன். திட்டக் கமிஷனே அப்படித்தான் எழுதியது என்று அறிந்த பிறகு சிரிப்பதில்லை.

குறை கூறுவது எளிது. ஏழை நாட்டில் வருமானம் அன்றாடச் செலவுக்கே போய்விடுகிறது. மிச்சம் இல்லாததால் தொழிற்சாலை எழவில்லை. தொழிற்சாலை எழாததால் வருமானம் உயரவில்லை. அந்நாளில் விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் இதே கதைதான். வட்டத்தை எங்கேயாவது உடைத்தாக வேண்டும்.

நோட்டு அச்சடிப்பது சுலபமான வழி என்று சிலர் எண்ணுகிறார்கள். என் கருத்தில் அது எவரும் வாக்களிக்காமல் விதிக்கப்படும் வரி. பணம் பெருகி அரிசி பெருகாவிட்டால் விலை ஏறும். நிலமும் நகையும் உள்ளவர் தப்பித்துக்கொள்வார். தினக்கூலி வாங்குபவர்தான் அந்த வரியைக் கடையில் நின்று கட்டுவார்.

அப்படியானால் வெளிநாட்டுக் கடன்? இயந்திரங்களை அயல்நாட்டிலிருந்து வாங்கியதில் 1957இல் நம் அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியது. 1958இல் உலக வங்கி, கடன் கொடுக்கும் நாடுகளை நமக்காகக் கூட்டி வைத்தது. பிலாய் உருக்காலைக்கு ரஷ்யாவும் ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனியும் உதவின. அவை வீண் என்று சொல்ல மாட்டேன். கடன் வாங்குவதைவிட, அதை வேறு நாட்டு நாணயத்தில் வாங்குவதில்தான் ஆபத்து அதிகம். 1966 ஜூன் 6 அன்று டாலரின் விலை 4 ரூபாய் 76 பைசாவிலிருந்து 7 ரூபாய் 50 பைசா ஆயிற்று. நூறு டாலர் கடன் ஒரே இரவில் 476 ரூபாயிலிருந்து 750 ரூபாய் ஆகிவிட்டது; புதிதாக ஓர் ஆணிகூட வந்து சேரவில்லை. 1991இல் ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் 47 டன் இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகாகப் போயிற்று. நகை அடகுக்குப் போன வீட்டின் தலைகுனிவை நம்மில் பலர் அறிவோம்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பரில் பம்பாய் வந்த பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், ஆயுதச் செலவில் ஒரு பகுதியை ஏழை நாடுகளுக்கான நிதியாக்குமாறு உலகத்தை வேண்டினார். அடுத்த ஆண்டே நம் ஆவடியில் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது. 1962இலும் 1965இலும் போரைக் கண்ட நாடு டாங்கி செய்ததைத் தவறென்று எப்படிச் சொல்வது? ஆனால் இரண்டுக்கும் பை ஒன்றுதான்.

இன்று பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் மேல் எழுந்து நிற்கும் மெட்ரோ தூண்களைப் பார்க்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வருகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி வரையிலான பாதை, 63,246 கோடி ரூபாய் மதிப்புள்ள இரண்டாம் கட்டத்தின் ஒரு பகுதி. அந்த இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி முதலியவை கடன் தருகின்றன. பாதை வேண்டும், கோயம்பேடு செல்ல நெரிசலில் நின்றவர் எவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆயினும் நாம் டிக்கெட்டுக்குக் கொடுப்பது ரூபாய். திருப்பித் தர வேண்டியது யென்னும் டாலரும். அவற்றை யாராவது சம்பாதித்துத் தர வேண்டும் அல்லவா?

யார் சம்பாதிக்கிறார்கள் என்று வகுப்பில் ஆசிரியை கேட்டார். ஏற்றுமதியாளர்கள் என்று நாங்கள் புத்தகத்தில் உள்ளபடி சொன்னோம். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "எங்கம்மா, மிஸ்" என்றாள். அவளுடைய அம்மா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அயல்நாட்டுக்குப் போகும் சட்டைகளுக்குக் காலர் தைக்கிறார். வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை, "சரியான விடை" என்று சொல்லிவிட்டு, அவள் அம்மாவின் ஒரு நாள் கூலியையும் அந்தச் சட்டை அங்கே விற்கும் விலையையும் விசாரித்து எழுதி வரச் சொன்னார். கூலி எங்களுக்குத் தெரிந்துவிட்டது. சட்டையின் விலையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.