வெற்றி பெண்ணுக்கு! மெத்தை ஆணுக்கு!

மனிதனுக்கு மரியாதை திறமையினாலா, பிறவியினாலா என்ற கேள்விக்கு, நாகரிக நாடென்று பேர் பெற்ற ஆஸ்திரேலியா 2012-ம் வருஷத்தில் கொடுத்த பதிலைச் சற்று கவனிப்போம்.

அவ்வருஷம் லண்டனில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்துக்கு அந்நாட்டிலிருந்து இரண்டு கூடைப்பந்துக் கோஷ்டிகள் புறப்பட்டன. ஒன்று ஆண்களுடையது, மற்றொன்று 'ஓப்பல்ஸ்' என்று பெயர் பெற்ற பெண்களுடையது. ஆகாய விமானத்தில் ஆண்களுக்குக் காலை நீட்டிப் படுத்துறங்கும் உயர்ந்த வகுப்பு. பெண்களுக்கு அதற்குக் கீழ் வகுப்பு. பிரயாணமோ ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும்!

சரி, இவர்களின் யோக்கியதாம்சம் என்ன? பெண்கள் 2000, 2004, 2008 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் வெள்ளிப் பதக்கம் பெற்றவர்கள். 2006-ல் உலகப் பந்தயத்தையே ஜெயித்தவர்கள். ஆண்களோ அன்று வரை ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலத்தைக்கூடத் தொட்டதில்லை. முதல் பதக்கம் அவர்களுக்கு 2021-ல்தான் கிடைத்தது.

இதற்குச் சிலர் சொன்ன சமாதானம், ஆண்கள் உயரமானவர்கள் என்பதாகும். அப்படியானால் ஒவ்வொருவரையும் அளந்து பார்த்தல்லவா இடம் கொடுத்திருக்க வேண்டும்? அந்தப் பெண்கள் கோஷ்டியில் லிஸ் கேம்பேஜ் 203 சென்டிமீட்டர். லாரன் ஜாக்சன் 196 சென்டிமீட்டர். இவர்களைவிடக் குட்டையான ஆண்கள் அந்த ஆண்கள் கோஷ்டியில் இல்லையா? ஆகவே அளந்தது உயரத்தையல்ல, மீசையைத்தான் என்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. லண்டன் துவக்க விழாவில் நாட்டின் கொடியைத் தூக்கி நடந்தவர் அதே லாரன் ஜாக்சன். கொடி தூக்கப் பெண் வேண்டும். ஆனால் கால் நீட்ட ஆணுக்கு மட்டுமே உரிமை! முடிவில் பெண்கள் வெண்கலத்தோடு திரும்பினார்கள். ஆண்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஊரெல்லாம் கண்டனம் கிளம்பிய பிறகே, பிரயாண ஏற்பாட்டைத் திரும்ப யோசிப்பதாகச் சங்கத்தார் சொன்னார்கள். மூன்று வெள்ளிப் பதக்கங்களின் சத்தம் ஏறாத காதில், உலகம் சிரித்த சத்தம் மட்டும் ஏறிற்று போலும்!

நிற்க, "இவ்வளவு ஜெயித்த பெண்களுக்கா இந்தக் கதி?" என்று பரிதாபப்படுவதோடு நின்றுவிடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். ஜெயித்ததற்குக் கூலியாகக் கொடுப்பது சமத்துவமாகாது. தோற்றுக்கொண்டேயிருந்த ஆணுக்கு யாரும் கணக்குக் கேட்காமல் மெத்தை கிடைத்ததல்லவா? அதேபோல், தோற்று வரும் பெண்ணுக்கும் கணக்குக் கேட்காமல் கிடைக்கும் நாள்தான் சமத்துவம் வந்த நாள். அதுவரை பெண்ணுக்குக் கொடுப்பதெல்லாம் பிச்சையே ஒழிய உரிமையாகாது.